நிழலும் முள்ளும்: தொழுகை நேரப் பலகையை முன்வைத்து ஒரு திறனாய்வு

நம் பள்ளிவாசல்களில் மிகப் பலரால், மிகப் பலமுறை படிக்கப்படும் எழுத்து எது என்று கேட்டால், சுவரில் தொங்கும் தொழுகை நேரப் பலகை என்றே விடை கூற வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து முறை ஜமாஅத்தார் அதனை அண்ணாந்து நோக்குகின்றனர். ரமளானில் அதன் ஒரு வரியை நம்பி வாயருகே கொண்டுபோன பேரீச்சம்பழத்தை நிறுத்தி வைக்கின்றனர். சீறாவுக்கும் ஞானப்பாடல்களுக்கும் உரை கண்டு, பாட வேறுபாடு ஆய்ந்து, குறை நிறை பேசிய நம் அறிஞர் உலகம், மக்களின் வணக்கத்தையே நடத்திச் செல்லும் இவ்வெழுத்தைத் திறனாய்வுக்கு உரியதாகக் கருதியதில்லை. அதனை யார் கணித்தார், எந்த ஊருக்குக் கணித்தார், எந்த அளவுகோலைக் கொண்டார் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதே இல்லை. அவ்வினாக்களைத் தருமபுரி என்னும் ஓர் ஊரை அளவையாகக் கொண்டு எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொழுகை நேரங் குறிக்கப்பட்ட கடமை என்பது திருமறையின் அந்நிஸா அத்தியாயம் 103 ஆம் வசனம் தரும் கருத்து. அந்நேரத்தின் அளவுகோல் கதிரவன். ஜிப்ரீல் (அலை) அவர்கள் இரு நாள்கள் தொடர்ந்து வந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குத் தொழுகை நடத்திக் காட்டிய செய்தியில் பேசப்படுபவை யாவும் வானத்துக்கும் நிழலுக்கும் உரிய அடையாளங்களே. பொழுது சாய்தல், ஒரு பொருளின் நிழல் அதன் அளவுக்கு நீளுதல், கதிரவன் மறைதல், செவ்வானம் நீங்குதல், வைகறை வெளுத்தல் ஆகியவை அவை. மணி, நிமிடம் என்பவை பின்னர் வந்த மொழிபெயர்ப்பு. மூலம் நிழலில் உள்ளது. மொழிபெயர்ப்பு மூலத்துக்கு உண்மையாக உள்ளதா என்று பார்ப்பது திறனாய்வாளனின் முதற்பணி.

கதிரவனின் நண்பகலும் கடிகாரத்தின் நண்பகலும்

கதிரவன் ஓர் ஊரின் உச்சிக்கோட்டைக் கடக்கும் கணமே அவ்வூரின் உண்மை நண்பகல். நம் கடிகாரம் காட்டும் 12 மணி அதுவன்று. இரண்டுக்கும் இடையே இரு வேறுபாடுகள் உள்ளன.

முதலாவது, நெட்டாங்கு. இந்தியப் பொதுநேரம் 82½ பாகைக் கிழக்கு நெட்டாங்குக்கு உரியது. தருமபுரியோ ஏறத்தாழ 78 பாகை 10 கலையில் அமைந்துள்ளது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடமாகக் கணக்கிட, தருமபுரியின் கதிரவன் பொதுநேரத்துக்கு 17 நிமிடங்களுக்குச் சற்று மேலாகப் பிந்தி வருகிறது. இவ்வேறுபாடு ஆண்டு முழுவதும் மாறாதது.

இரண்டாவது, கதிரவனின் சீரற்ற ஓட்டம். பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும், ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகல் வரையுள்ள இடைவெளி எல்லா நாளும் ஒன்றாக இருப்பதில்லை. நாள்தோறும் சில வினாடிகளாகச் சேரும் இவ்வேறுபாடு, நவம்பர் 3 ஆம் நாளை ஒட்டிக் கதிரவனைச் சராசரிக் கணக்கினும் 16 நிமிடங்களுக்கு மேல் முந்தச் செய்கிறது. பிப்ரவரி 11 ஆம் நாளை ஒட்டி 14 நிமிடங்களுக்கு மேல் பிந்தச் செய்கிறது. ஏப்ரல் நடு, ஜூன் நடு, செப்டம்பர்த் தொடக்கம், டிசம்பர் இறுதி ஆகிய நான்கு வேளைகளில் மட்டுமே சராசரியும் உண்மையும் ஒத்துப்போகின்றன.

இவ்விரண்டையும் தருமபுரிக்குப் பொருத்திப் பார்ப்போம். நவம்பர்த் தொடக்கத்தில் அங்கு உண்மை நண்பகல் 12 மணி 1 நிமிடம். ஏப்ரல் நடுவில் 12 மணி 17 நிமிடம். பிப்ரவரி 11 ஐ ஒட்டி 12 மணி 31 நிமிடத்தையும் கடந்துவிடுகிறது. ஆகவே ஓராண்டுக்குள் லுஹரின் தொடக்கம் முப்பது நிமிட அகலத்தில் முன்னும் பின்னும் அசைகிறது. கடிகாரத்தின் முள்ளுக்கு இவ்வசைவு தெரியாது.

பிரெஞ்சுக் கைவினைஞர் கண்ட வழி

இவ்வசைவைக் கடிகாரத்துக்குக் கற்பித்துக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். டச்சு நாட்டு அறிஞர் ஹைகன்ஸ் 1656 இல் ஊசற் கடிகாரத்தை வகுப்பதற்கு முன், நாளொன்றுக்குக் கால்மணி நேரம் பிழைபடுவது கடிகாரங்களுக்கு இயல்பு. அத்தகைய கருவியால் கதிரவனின் சில வினாடிச் சீர்மையின்மையைக் காணவே இயலாது. ஊசல் வந்தபின் பிழை வினாடிகளுக்குச் சுருங்கியது. அப்போதுதான் முரண் புலப்பட்டது. கடிகாரம் சீராக ஓடுகிறது, கதிரவன் அவ்வாறு ஓடவில்லை. கடிகாரம் செம்மையடையச் செம்மையடைய, அது கதிரவனிலிருந்து விலகலாயிற்று.

பதினெட்டாம் நூற்றாண்டில் பாரீசின் கடிகாரக் கலைஞர்கள் ஆளுயர மரப்பேழைக்குள் ஊசல் ஆடும் நிலைக்கடிகாரங்களைச் செய்தனர். அவற்றுள் உயர்ந்த வகையில் இரு நிமிட முட்கள் இருந்தன. ஒன்று சராசரி நேரத்தைக் காட்டும். கதிரவன் உருவம் பொறித்த மற்றொன்று உண்மை நேரத்தைக் காட்டும். உள்ளே அவரைவிதை போன்ற வடிவுடைய ஒரு பித்தளைத் தகடு ஆண்டுக்கு ஒருமுறை மெல்லச் சுழலும். அதன் விளிம்பில் ஒரு நெம்புகோல் தடவிக்கொண்டே செல்லும். விளிம்பின் மேடு பள்ளத்துக்கு ஏற்பக் கதிரவ முள் முன்னும் பின்னும் நகரும். ஓராண்டின் வானக்கணக்கு முழுவதும் உள்ளங்கை அளவான ஒரு தகட்டின் ஓரத்தில் எழுதப்பட்டிருந்தது. ஜூலியன் லெ ருவா (1686–1759), ஃபெர்டினாந்த் பெர்த்தூ (1727–1807) முதலியோர் இத்துறையில் பெயர் பெற்றவர்கள். பெர்த்தூ 1763 இல் கடிகாரக் கலை பற்றிய பெருநூலொன்றையும் வெளியிட்டார்.

அதே நாட்டின் கிழக்கு மலைப்பகுதியான பிராஞ்ச்-கோந்தேயில் உழவர் வீடுகளுக்கென வேறொரு வகை நிலைக்கடிகாரம் உருவாயிற்று. அதற்கு இரண்டாம் முள் இல்லை. மணியடித்து ஓரிரு நிமிடம் கழித்து அதே மணியை மீண்டும் ஒருமுறை அடிப்பது அதன் வழக்கம். முதல் ஒலியை எண்ணத் தவறியவன் மறுமுறை எண்ணிக்கொள்வான். பாரீசுக் கடிகாரம் வானத்துக்கு உண்மையாக இருக்க முயன்றது. மலைநாட்டுக் கடிகாரம் கேட்பவனின் வசதிக்கு உண்மையாக இருந்தது. உலகம் பின்னதன் வழியையே பின்பற்றிற்று என்பது கடிகார வரலாற்றின் சுருக்கம்.

பாரீசு நகர மக்கள் நெடுநாள் கதிரவனையே நம்பியிருந்தனர். பாலே-ருவாயால் தோட்டத்தில் 1786 இல் ஒரு சிறு பீரங்கி நிறுவப்பட்டது. உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே கதிரொளி குவிந்து மருந்தில் தீப்பற்ற, சரியாக உண்மை நண்பகலில் அது தானே வெடிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நகரின் கடிகாரங்கள் சராசரி நேரத்துக்கு மாற்றப்பட்டபோது, நண்பகல் நண்பகலில் வராததைக் கண்டு தொழிலாளர் கிளர்ந்தெழுவரோ என நகர ஆட்சியாளர் அஞ்சினார் என்று வானியலறிஞர் அராகோ எழுதியுள்ளார். ஒருவரும் கிளர்ந்தெழவில்லை. ஒருவரும் கவனிக்கக்கூட இல்லை. கடிகாரங்களிலிருந்து கதிரவ முள்ளும் மெல்ல மறைந்தது. ஒரு சமூகம் தன் அளவுகோலை இழப்பது எத்துணை ஓசையின்றி நடைபெறுகிறது என்பதற்கு இது சான்று.

ஒரு சொல்லின் பயணம்

அக்கடிகாரங்களின் முகத்தில் காணப்படும் 'எக்குவாசியோன்' என்னும் பிரெஞ்சுச் சொல் அரபுக் கல்லூரியில் பயின்றோர் உற்று நோக்க வேண்டிய ஒன்று. உண்மை நேரத்துக்கும் சராசரி நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அது குறிக்கிறது. நம் வானநூலார் இதனைத் 'தஃதீலுல் அய்யாமி பிலயாலீஹா' என்றனர். நாள்களை அவற்றின் இரவுகளோடு சேர்த்துச் சமன் செய்தல் என்பது பொருள். கிரேக்க அறிஞர் தாலமி அறிந்திருந்த இக்கணக்கை அல்-பத்தானீ (மறைவு 929) முதலானோர் செப்பனிட்டு அட்டவணைகளாக்கினர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அரபு வானநூல்கள் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டபோது தஃதீல் 'அக்குவாத்தியோ' ஆயிற்று. அதுவே பிரெஞ்சுக் கடிகாரத்தின் முகத்தில் வந்து அமர்ந்தது. பாரீசின் செல்வர் மாளிகையில் நின்ற கடிகாரம் ஓர் அரபுக் கலைச்சொல்லின் மொழிபெயர்ப்பைத் தாங்கி நின்றது எனலாம். நம் பள்ளிவாசற் சுவரில் தொங்கும் கடிகாரத்தில் அச்சொல்லும் இல்லை, அப்பொருளும் இல்லை.

இத்துறையை நம் முன்னோர் 'இல்முல் மீகாத்' என்று தனிக்கலையாகப் போற்றினர். எகிப்திலும் சிரியாவிலும் பதின்மூன்றாம் நூற்றாண்டு முதற்கொண்டு பெரிய பள்ளிவாசல்களில் 'முவக்கித்' என்னும் நேரக்கணிப்பாளர் பணியமர்த்தப்பட்டனர். திமிஷ்கின் உமையா பள்ளிவாசலில் அப்பணியாற்றிய இப்னு ஷாத்திர் (மறைவு 1375), ஹிஜ்ரி 773 இல், அதாவது 1371–72 இல், அதன் மினாராவுக்கென ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள சலவைக்கல் நிழற்கடிகாரம் ஒன்றைச் செதுக்கினார். அதன் நிழற்கோல் பூமியின் அச்சுக்கு இணையாக நின்றது. 1876 இல் அக்கல் சேதமுற்றபோது அல்-தன்தாவீ என்னும் முவக்கித் அதற்கு நேர்படியொன்றைச் செய்து அமைத்தார். அபூ ரைஹான் அல்-பீரூனீ நிழல்களைப் பற்றியே ஒரு தனிநூல் இயற்றினார். நிழலின் கணிதத்தோடு, ளுஹர், அஸர் நேரங்களைப் பற்றிய சட்ட அறிஞர்களின் கருத்து வேற்றுமைகளையும் அதில் ஆராய்ந்தார். வானநூலும் ஃபிக்ஹும் ஒரே ஏட்டில் அமர்ந்திருந்த காலம் அது.

அக்காலம் போனபின் நேர்ந்ததற்கு கெய்ரோவில் ஓர் அடையாளம் உண்டு. எகிப்து ஆட்சியாளர் முஹம்மத் அலீ பாஷா லக்ஸரின் பழம்பெரும் கற்றூணைப் பிரான்சுக்கு அளித்தார். 1836 இல் அது பாரீசின் சதுக்கத்தில் நிறுத்தப்பட்டது. பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப் கைம்மாறாக அனுப்பிய கடிகாரம், கோட்டையிலுள்ள முஹம்மத் அலீ பள்ளிவாசலின் முற்றத்தில் கோபுரமெடுத்து வைக்கப்பட்டது. மிக நெடுங்காலம் அது ஓடாமலே நின்றது. பல்லாயிரம் ஆண்டு நிழல் காட்டிய தூணைக் கொடுத்து, ஓடாத கடிகாரத்தைப் பெற்ற பண்டமாற்று என எகிப்தியர் எள்ளுவர். எள்ளலைக் கடந்து நாம் எண்ண வேண்டியது வேறு. கடிகாரத்தை வாங்கலாம். அதனைத் திருத்தும் அறிவை யாரும் பரிசாக அனுப்புவதில்லை.

தமிழ் மண்ணில் நேரம்

பிரெஞ்சு ஊசற் கடிகாரமும் தமிழரின் நிழற்கணக்கும் ஒருமுறை நேருக்கு நேர் சந்தித்ததுண்டு. வெள்ளிக்கோள் கதிரவனைக் கடப்பதைக் காணும்பொருட்டு லெ ஜாந்தீல் என்னும் பிரெஞ்சு வானியலறிஞர் 1768 இல் புதுச்சேரி வந்தார். 1769 ஜூன் மாதம் அந்நிகழ்வின்போது மேகம் சூழ்ந்து அவர் உழைப்பு வீணாயிற்று. ஆயினும் காத்திருந்த காலத்தில் உள்ளூர்த் தமிழர் ஒருவரிடம் வானக்கணக்குப் பயின்றார். தமிழர் கிரகணங்களைக் கணிக்கும் முறையின் விரைவும் செம்மையும் அவரை வியப்பிலாழ்த்தின. நிழலளவைக் கணக்கு இம்மண்ணுக்குப் புதிதன்று என்பதை நினைவூட்டவே இதனைக் குறிப்பிட்டோம்.

பின்னர் வந்த ஆங்கிலேயர், 1792 இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை வானாய்வுக்கூடத்தின் நெட்டாங்கைக் கொண்டு சென்னை நேரத்தை வகுத்தனர். அது கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முந்தியது. இருப்புப்பாதைகள் அந்நேரத்தை நாடெங்கும் பரப்பின. 1906 ஜனவரி முதல் நாள் 5½ மணி முந்திய பொதுநேரம் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது 1942 முதல் 1945 வரை கடிகாரம் மேலும் ஒரு மணி முன்தள்ளப்பட்டது. ஆக, நாற்பதாண்டுக்குள் அரசாணைகளால் முள் மும்முறை நகர்ந்தது. நிழல் ஒருமுறையும் நகரவில்லை. கடிகாரத்தின் எண் ஓர் உடன்படிக்கை என்பதும், நிழல் ஓர் உண்மை என்பதும் இவ்வரலாற்றால் தெளிவாகும்.

பலகையின் மீது மதிப்பீடு

இப்போது பலகைக்கு வருவோம். தமிழகத்தில் பரவலாகக் காணப்படும் அட்டவணைகளில் ஒருவகை, சென்னைக்கு நேரங்களைக் கணித்துத் தந்து, அடியில் மற்ற ஊர்களுக்குக் கூட்டவோ கழிக்கவோ வேண்டிய நிமிடங்களை வரிசைப்படுத்துவது. தருமபுரி சென்னைக்கு மேற்கே இரண்டு பாகைக்குச் சற்று அதிகமான தொலைவில் இருப்பதால் எட்டு நிமிடம் கூட்டுக என்பது அவ்வகைக் கணக்கு. ளுஹருக்கு அக்கணக்குச் சரியே. ஏனைய நேரங்களுக்குச் சரியாகுமா?

ஆகாது. உச்சிப்பொழுது நெட்டாங்கை மட்டும் சார்ந்தது. உதயமும் மறைவும் வைகறையும் அகலாங்கையும் சார்ந்தவை. சென்னை 13 பாகைக்குச் சற்று வடக்கே. தருமபுரி 12 பாகைக்குச் சற்று வடக்கே. ஏறத்தாழ ஒரு பாகையான இவ்வேறுபாடு, ஜூனில் சென்னையின் பகலைத் தருமபுரியின் பகலைவிட மூன்று நிமிடங்களுக்கு மேல் நீட்டுகிறது. டிசம்பரில் அதே அளவு குறைக்கிறது. அதன் விளைவு: தருமபுரியில் கதிரவன் மறைவது சென்னையைவிட ஜூன் இறுதியில் சுமார் 6¾ நிமிடம் பிந்தி. டிசம்பர் இறுதியிலோ சுமார் 10 நிமிடம் பிந்தி. வைகறையைப் பதினெட்டுப் பாகைக் கணக்கில் கொண்டால், டிசம்பரில் தருமபுரியின் வைகறை சென்னைக்குச் சுமார் 7 நிமிடமே பிந்துகிறது.

எட்டு நிமிடம் என்னும் ஒற்றை எண்ணை டிசம்பரில் பின்பற்றுவோர்க்கு நேர்வது இதுதான்: ஸஹர் முடியும் நேரம் உண்மை வைகறைக்கு ஒரு நிமிடம் கடந்து நிற்கிறது. நோன்பு திறக்கும் நேரம் உண்மை மறைவுக்கு இரண்டு நிமிடம் முந்தி வருகிறது. நோன்பின் இரு முனைகளும் ஒருங்கே தேய்கின்றன. அட்டவணையில் முன்னெச்சரிக்கையாகச் சில நிமிடங்கள் சேர்த்திருந்தால் அதுவே காப்பாற்றும். சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பலகை சொல்வதில்லை. ரமளான் கோடையில் வரும் ஆண்டுகளில் இக்குறை மறைந்திருக்கும். வானக்கணக்கின்படி 2030 இல் ஜனவரித் தொடக்கத்திலும் டிசம்பர் இறுதியிலுமாக இரு ரமளான்கள் தொடங்கவிருக்கின்றன. குளிர்காலத்து ரமளான் தொலைவில் இல்லை.

மாவட்டத்தின் பரப்பையும் கருத வேண்டும். மேற்கே காவிரிக்கரையில் ஒகேனக்கல், கிழக்கே அரூர். இரண்டுக்கும் இடையே நெட்டாங்கு வேறுபாடு முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவு. நேரத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம். தருமபுரி நகருக்கெனச் சரியாகக் கணித்த அட்டவணையே ஒகேனக்கல்லில் ஒன்றரை நிமிடம் முந்திவிடும் எனில், சென்னையிலிருந்து கடன் வாங்கிய அட்டவணை அங்கே டிசம்பரில் மூன்றரை நிமிடம் முந்திவிடும். முன்னெச்சரிக்கை நிமிடங்கள் யாவும் இப்பிழைக்கே செலவாகிவிடும்.

மலைகளும் உண்டு. வத்தல்மலை, சித்தேரி மலைகளின் அடிவாரத்துக் குடியிருப்புகளில் கதிரவன் அடிவானத்தைத் தொடுமுன்பே குன்றின் பின்னே ஒளிந்துகொள்ளும். குன்றின் பின் மறைவது மஃரிப் ஆகாது. மலை மறைக்கும் இடங்களில் கிழக்கு வானில் இருள் ஏறுவதைக் கொண்டு முடிவு செய்க என்று சட்ட நூலார் வழி காட்டியுள்ளனர். இங்கே அட்டவணை கண்ணைத் திருத்துகிறது. வேறிடங்களில் கண் அட்டவணையைத் திருத்துகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி.

அடுத்து ஜும்ஆ. ஆண்டு முழுவதும் ஒரே மணிக்கு ஜும்ஆ பாங்கு சொல்லும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அந்நேரம் 12.30 என்றிருப்பின் தருமபுரியில் என்னாகும்? ஜனவரி இறுதி தொடங்கிப் பிப்ரவரி இறுதி வரை அங்கே உச்சிப்பொழுதே 12.30 க்குப் பின்னர்தான் வருகிறது. ஏறத்தாழ ஒரு மாத காலம் பாங்கு, பொழுது சாயுமுன் ஒலிக்கும். பொழுது சாயுமுன் ஜும்ஆ கூடும் என்பது ஹன்பலீ மத்ஹபின் கருத்து. ஹனஃபீக்களும் ஷாஃபியீக்களும் அதனை ஏற்பதில்லை. தமிழகத்து முஸ்லிம்கள் பெரும்பாலும் இவ்விரு மத்ஹபினரே. நவம்பரில் முழுமையாகச் சரியான ஒரு பாங்கு பிப்ரவரியில் நேரந்தவறியதாகிவிடுவதைப் பலகை எச்சரிப்பதில்லை. பிரெஞ்சுக் கடிகாரத்தின் இரண்டாம் முள் அங்கிருந்தால் எச்சரித்திருக்கும்.

அஸரிலும் பலகை வாய் திறப்பதில்லை. உச்சிநிழல் நீங்கலாக ஒரு மடங்கு நிழல் என்பது ஷாஃபியீக்களின் அளவு. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் பெயர்பெற்ற கருத்து இரு மடங்கு. ஏப்ரல் 22 ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20 ஐ ஒட்டியும் தருமபுரியில் கதிரவன் நேர் உச்சிக்கு வருவதால் உச்சிநிழலே இல்லாத நாள்கள் அமைகின்றன. ஏப்ரலின் அந்நாளில் ஒரு மடங்கு நிழல் ஏறத்தாழ 3.20 க்கும், இரு மடங்கு ஏறத்தாழ 4.36 க்கும் நிகழ்கின்றன. டிசம்பர் இறுதியிலோ உச்சிநிழலே கோலின் நீளத்தில் பத்தில் ஏழு பங்கு ஆகிவிடும். ஒன்றேகால் மணி நேரம் வேறுபடும் இரு கருத்துகளில் தான் எதனைக் கொண்டுள்ளது என்று ஒரு சொல்லும் கூறாத பலகை, கருத்து வேற்றுமையைத் தீர்க்கவில்லை. மூடி வைத்திருக்கிறது.

மறுப்புகளும் விடையும்

இவ்வளவு நுணுக்கம் தேவையா, மார்க்கம் எளிமையானதன்றோ என்று கேட்கலாம். எளிமை உண்மையே. வெட்டவெளியில் ஆடு மேய்ப்பவனும் தன் நிழலைப் பார்த்துத் தொழக்கூடிய மார்க்கம் இது. அவனிடம் நிமிடக் கணக்கை யாரும் கேட்கவில்லை. மிகையான ஊகமே அவனுக்குப் போதும். ஆனால் பலகை நிமிடக் கணக்கில் பேசுகிறது. 6.03 என்று எழுதியவர் 6.02 அன்று என்று உறுதி கூறுகிறார். உறுதி கூறுவோரிடம் சான்று கேட்பது நுணுக்கவாதம் ஆகாது. கதிரவன் மறைந்ததாக எண்ணி நோன்பு திறந்து, பின்னர் மறையவில்லை எனத் தெரிந்தால் அந்நோன்பை மீண்டும் நோற்க வேண்டும் என்பது நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர் கருத்து. தனியொருவரின் பிழை அவரோடு முடியும். பலகையின் பிழை ஜமாஅத் முழுவதற்கும் உரியது.

இனி, கைப்பேசிச் செயலிகள் வந்துவிட்டன, ஊரைத் தாமே அறிந்து கணிக்கின்றன என்பர். நெட்டாங்கும் அகலாங்கும் குறித்த நம் குறைபாட்டை அவை தீர்க்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வைகறைக்கு அடிவானத்தின் கீழ் எத்தனை பாகை என்பதில் அவை வேறுபடுகின்றன. 15 பாகை என்பதும் உண்டு, 18 என்பதும் உண்டு, 19½ என்பதும் உண்டு. தருமபுரியின் அகலாங்கில் 15 க்கும் 18 க்கும் இடையே பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேல் விலகல் வரும். அஸருக்கு எந்த மத்ஹப் என்பதையும் செயலி கேட்கும். கேள்வியின் பொருள் அறியாதவர் ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டுப் போவார். அண்டை வீட்டார் இருவர் இரு வேறு வைகறைகளில் ஸஹரை முடிப்பர். கருவி துல்லியமாகிவிட்டது. தேர்ந்தெடுக்கும் அறிவு கூடவில்லை. ஓடாத கெய்ரோக் கடிகாரத்துக்கும் நன்றாக ஓடும் இக்கருவிக்கும் இவ்வகையில் வேற்றுமை சிறிதே.

செய்யத்தக்கன

பலகை ஒரு நூலெனில், நூலுக்குரிய முகப்பு அதற்கும் வேண்டும். எந்த ஊரின் நெட்டாங்கு, அகலாங்குக்குக் கணிக்கப்பட்டது, வைகறைக்கும் இஷாவுக்கும் எத்தனை பாகை, அஸருக்கு எந்த மத்ஹப், முன்னெச்சரிக்கைக்கு எத்தனை நிமிடம், கணித்தவர் யார் என்னும் ஐந்து செய்திகள் பலகையின் தலையில் ஐந்து வரிகளில் அடங்கும். மாவட்ட அளவில் ஆலிம்கள் கூடித் தருமபுரிக்கெனத் தனி அட்டவணை கணிக்கச் செய்வது அரிதன்று. ஒகேனக்கல் முதல் அரூர் வரை பொருந்துமாறு, மஃரிபுக்கு மேற்கெல்லையையும் ஸஹருக்குக் கிழக்கெல்லையையும் கொண்டால் யாருடைய நோன்பும் பழுதுபடாது. ஜும்ஆ பாங்கைப் பிப்ரவரியிலும் பொழுது சாய்ந்தபின் வருமாறு அமைப்பதற்கு முத்தவல்லியின் ஒரு சொல் போதும்.

அனைத்தினும் மேலாக, அரபுக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தைக் கருத வேண்டும். நிஜாமியா பாடமுறையில் ஒருகாலத்தில் ஷரஹு சக்மீனீ, தஷ்ரீஹுல் அஃப்லாக் போன்ற வானநூற் கிதாபுகள் இடம்பெற்றிருந்தன. அவை பல இடங்களில் வழக்கொழிந்தன. அவற்றின் பழைய அண்டக்கொள்கையை மீட்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஆனால் ஷரஹுல் விகாயாவின் தொழுகைப் பாடத்தில் 'அத்தாயிரத்துல் ஹிந்திய்யா' இன்றும் ஓதப்படுகிறது. இந்திய வட்டம் என்று அரபியர் நன்றியோடு பெயரிட்ட முறை அது. சமதரையில் ஒரு வட்டம் வரைந்து, நடுவில் விட்டத்தின் கால்பங்கு நீளமுள்ள கோலை நிறுத்துக. முற்பகலில் நிழலின் நுனி வட்டத்துக்குள் புகும் இடத்தையும், பிற்பகலில் வெளியேறும் இடத்தையும் குறிக்க. இரண்டுக்கும் இடைப்பட்ட வில்லின் நடுப்புள்ளியை மையத்தோடு இணைத்தால் அதுவே உச்சிக்கோடு. கோலின் நிழல் அக்கோட்டில் விழும்போது உச்சி. கோட்டைவிட்டுக் கிழக்கே விலகத் தொடங்கும்போது ளுஹர்.

இப்பகுதியின் இலக்கணத்தை நம் மாணவர் ஆய்ந்து ஓதுகின்றனர். பிரதிபெயர்ச்சொல் எதனைச் சுட்டுகிறது என்று விவாதிக்கின்றனர். முற்றத்தில் இறங்கி ஒரு வட்டம் வரைவதில்லை. இந்நாட்டின் பெயரைத் தாங்கிய முறை இந்நாட்டு மத்ரஸாக்களில் எழுத்தாகவே நின்றுவிட்டது வருந்தத்தக்கது. ஒரு முழக் கோல், ஒரு கயிறு, ஒரு சுண்ணக்கட்டி, ஒரு வெயில் நாள் ஆகியவையே இதற்கு வேண்டும் செலவு. பிப்ரவரியில் ஒருமுறையும் நவம்பரில் ஒருமுறையும் வரைந்து, நிழல் கோட்டைத் தொடும் கணத்தில் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் மாணவன், தஃதீல் என்னும் சொல்லை அதன்பின் மறக்கமாட்டான். தன் ஊர்ப் பலகையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பமாட்டான், காரணமின்றி ஐயுறவுமாட்டான்.

பிரெஞ்சுக் கலைஞன் தன் கடிகாரத்தில் இரண்டாம் முள்ளைப் பொருத்தியது, முதல் முள் பொய் என்பதற்காக அன்று. முதல் முள் எதன் பிரதிநிதி என்பதை மறவாதிருத்தற்பொருட்டு. நம் பள்ளிவாசல் ஒவ்வொன்றிலும் அவ்விரண்டாம் முள்ளாக இருக்க வேண்டியவர் அவ்வூர் ஆலிமே. பலகை சுவரில் இருக்கட்டும். நிழலைப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஸஃப்பில் இருக்கட்டும். கதிரவனையும் சந்திரனையும் கணக்கின்படி இயங்கச் செய்த அல்லாஹ், அக்கணக்கைக் கற்கும் ஆர்வத்தை நம் இளைய ஆலிம்களுக்கு அருள்வானாக.